ஊஞ்சல் சங்கிலி என்று சொன்னேன்

எங்கள் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நிற்கும் மாடிக் கட்டடங்கள்தான். முகூர்த்த நாளில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி, விடிய விடிய பஸ் ஹாரனைக் கேட்டுவிட்டுப் போவதற்காக ஏற்பட்டவை. அதனால் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நாங்கள் காட்டுக்குள் இருக்கும் ஒரு லாட்ஜுக்குப் போகிறோம் என்று நான் சொன்னபோது என் வகுப்பில் ஒருவனும் நம்பவில்லை. "புலியும் ரூம் எடுத்துத் தங்குமாடா?" என்று கேட்டார்கள்.

மாமாவால் வந்த யோகம் அது. மாமா என் அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆனைமலைப் பக்கம் காட்டை ஒட்டி ஒருவர் கட்டியிருந்த சஃபாரி லாட்ஜில் கிணற்று மோட்டார் அடிக்கடி மக்கர் செய்ய, மாமா போய்ச் சரிசெய்து கொடுத்திருந்தார். அந்த முதலாளி, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் தங்கிப் போகும்படி சொல்லிவிட்டார். மாமாவின் பழைய வேனில் கிளம்பினோம். கணக்கு வாத்தியாரான அப்பா, அம்மா, நான், என் ஐந்து வயதுத் தங்கை. தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

முதல் இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மான் பார்த்தோம், மயில் பார்த்தோம், புலியின் கால்தடம் என்று காட்டப்பட்ட ஒரு பள்ளத்தைப் பார்த்தோம். கடைசி நாள்தான் இன்றுவரை எனக்குள் அப்படியே இருக்கிறது.

அன்று காலை ஆறு மணிக்குக் கடைசி சஃபாரி. திறந்த ஜீப்பில் ஓரத்து சீட் எனக்கு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தேன். ஒரு மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பியபோது டிரைவர் சட்டென்று வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். என் பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்த தூரத்தில், ஒரு காட்டெருமை நின்றது. அதன் முதுகு ஜீப்பை விட உயரம். முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டது போலக் கால்கள். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு மூக்கால் ஒரு சத்தம் விட்டது. நான் வீறிட்டுக் கத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டேன்.

காட்டெருமைதான் பயந்து ஓடியது. ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா எழுந்து நின்று கைதட்டி, "இன்னொருக்கா வரச் சொல்லுங்க" என்றாள்.

"ஏலே அப்பு, இம்புட்டுப் பயந்தாங்கொள்ளியாலே நீயி? பாப்பாவப் பாரு. அதுக்கு இருக்கிற தைரியத்துல காவாசி இருக்கா ஒனக்கு?" என்றார் மாமா.

என் டவுசர் நனைந்திருந்ததை அம்மா மட்டும் கவனித்தாள். தன் கையிலிருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டாள். காலைச் சாப்பாடு முடிவதற்குள் மாமா அதே பேச்சை நாலு தடவை பேசினார். டிரைவரிடம் ஒரு தடவை, லாட்ஜ் வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரு தடவை, பொங்கல் பரிமாறிய சமையல்காரரிடம் இரண்டு தடவை. சமையல்காரர் பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அதப் பாத்தா நானே பயப்படுவனுங்க. பயந்தா என்ன சாமி, நீ நல்லாச் சாப்புடு" என்று எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

சாப்பிட்டதும் அப்பாவும் அம்மாவும் அறைக்குள் பெட்டி கட்டப் போனார்கள். கிளம்புவதற்கு முன் கிணற்று மோட்டாரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாக மாமா போனார். முற்றத்தில் நானும் பாப்பாவும் மட்டும். அங்கே ஒரு இரும்பு ஊஞ்சல் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு நெல்லி மரம். தினமும் அந்த நேரத்துக்கு அந்த மரத்துக்குக் குரங்குகள் வரும். அவற்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று வந்த அன்றே சமையல்காரர் சொல்லியிருந்தார். "ஒருக்கா குடுத்துட்டா அப்பறம் அது கேக்காது கண்ணு, புடுங்கும்" என்பது அவர் வார்த்தை.

என் சட்டைப் பையில் பாதி கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. குரங்குக் கூட்டத்தில் பெரிதாக ஒரு கடுவன், காது கிழிந்தது, கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அதற்கு என் கையால் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மாமாவிடம் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாறு அடி போயிருப்பேன். அது புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. என் கால்கள் நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்தேன். பாப்பா பின்னாலேயே வந்திருந்தாள்.

"நீ குடு பாப்பா. ஒனக்குத்தான் பயமே இல்லையே" என்றேன்.

அவள் உடனே கையை நீட்டினாள். பிஸ்கட்டை அவள் கையில் வைத்தேன். அதோடு விட்டிருந்தால்கூட என்னவோ. அவள் இரண்டு அடி நடந்து தயங்கியபோது, அவளுக்குப் பின்னால் குனிந்து நின்று, இரண்டு தோள்களையும் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளினேன். குரங்கு ஏதாவது செய்தால் முதலில் அவள்தான் இருப்பாள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. வார்த்தையாக இல்லை. ஆனால் இருந்தது.

கடுவன் பிஸ்கட்டைப் பிடித்தது. பாப்பா சிரித்துக்கொண்டே, பாதிதான் தருவேன் என்று விடாமல் இழுத்தாள். அவ்வளவுதான். என்ன நடந்தது என்று நான் பார்ப்பதற்குள் அவள் அலறினாள்.

முற்றத்தைப் பார்த்திருந்த சமையற்கட்டு வாசலிலிருந்து சமையல்காரர் விறகுக் கட்டையோடு ஓடி வந்தார். குரங்குகள் மரத்தில் ஏறிக்கொண்டன.

"ஏதாச்சும் பண்ணிப்போட்டுதா கண்ணு?"

"இல்லண்ணே. சும்மா பயந்துருச்சு" என்றேன். பாப்பாவின் கையை என் சட்டைக்குள் சுற்றிப் பிடித்திருந்தேன்.

அவர் எங்கள் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். "உள்ள போங்க சாமி, இங்க நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துகொண்டிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். ஒரு கீறல். ரத்தம் நிற்காமல் வந்தது. அவள் அழுகையை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டேன்.

"குரங்கு கடிச்சுச்சுன்னு சொன்னா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க. தெரியுமா?"

அவள் அழுகை பாதியில் நின்றது. இடது கையால் கவுனைத் தூக்கித் தொப்புளைப் பார்த்துக்கொண்டாள்.

"ஊஞ்ச சங்கிலி கிழிச்சுருச்சுன்னு சொல்லு. என்ன? யாரு கேட்டாலும்."

தலையாட்டினாள். அறைக்குப் போனதும் அம்மா கையைப் பார்த்துப் பதறிவிட்டாள். எப்படி என்று கேட்டபோது பாப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஊஞ்ச சங்கிலி" என்றாள். அம்மா ரத்தத்தைத் துடைத்து, பையில் வைத்திருந்த களிம்பைத் தடவி, அப்பாவின் கைக்குட்டையால் கட்டினாள்.

"துருப்புடிச்ச சங்கிலியாத்தான் இருக்கும். ஊருக்குப் போனதும் ஒரு டிடி ஊசி போட்டுரணும்" என்றாள் அப்பாவிடம்.

ஊசி என்றதும் பாப்பா என்னை மறுபடி பார்த்தாள். பதினாலு ஊசியை ஒரு ஊசியாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம், அவளுக்கு நான் செய்தது நல்லதுதான் என்றுகூட எனக்குத் தோன்றியது.

பதினோரு மணி வாக்கில் கிளம்பினோம். சமையல்காரர் வழிக்கு எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தார். மாமா வண்டி ஓட்ட, அப்பா முன்னால். பின் சீட்டில் ஜன்னலோரம் பாப்பா, நடுவில் அம்மா, இந்தப் பக்கம் நான். காட்டுச் சாலை முடிந்து தென்னந்தோப்புகள் ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது. யாருக்கும் தெரியாமல் தப்பித்து வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த நிம்மதி கால் மணி நேரம் இருந்திருக்கும். மாமாவுக்கு வண்டி ஓட்டும்போது பேச்சு இல்லாமல் முடியாது.

"டிடி ஊசின்னதும் ஞாபகம் வருதுக்கா. குஜிலியம்பாறையில இருந்து ஒருத்தன் நம்ம கடைக்கு மோட்டார் கொண்டாருவான். அவன் சித்தப்பன் ஒருத்தன் இருந்தான். கையில காயம். வேலிக்கம்பி கிழிச்சுருச்சுன்னு சொல்லி டிடி ஊசியப் போட்டுட்டு வந்துட்டான். ஆனாக் கடிச்சது நாயி. பங்காளி வீட்டு நாயி. வெளிய சொன்னா சண்ட வரும்னு மறச்சுட்டான்."

"அப்பறம்?" என்றார் அப்பா.

"அப்பறம் என்ன மச்சான். ஒரு நா தண்ணிச் சொம்பக் கையில குடுத்தா, கை நடுங்குது. தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்குது. கொழாச் சத்தத்தக் கேட்டாலே கத்துறான். காத்து மேல பட்டாக்கூட ஆகல, சன்னலச் சாத்து, சன்னலச் சாத்துங்கிறான். வாயில நொரை. மூணே நாளு."

"புள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற? பேசாம ஓட்டு" என்று அம்மா அதட்டினாள்.

மூன்று நாளில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். "நாய் கடிச்சா மட்டும்தானா மாமா?"

"நாயி, பூன, நரி, கொரங்கு, எல்லாந்தான். பல்லு இருக்கிற எதையும் நம்பக் கூடாதுலே."

வெயில் வேனின் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் மாதா கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியிருந்தேன். அதற்கான வகுப்பில் பாவங்களை அற்பப் பாவம், சாவான பாவம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாவான பாவம் என்றால் என்னவென்று அதுவரை எனக்குப் புரிந்திருக்கவில்லை. நாம் செய்து, அதனால் இன்னொருவர் செத்துப்போவது என்று இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

அம்மாவைத் தாண்டிப் பாப்பாவை எட்டிப் பார்த்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது இடது கையால் தலையைச் சொறிந்தாள். நாய் கடித்தவர்கள் நாய் மாதிரிக் குரைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வோம். குரங்கு கடித்தால் என்று யோசித்தேன். அவள் மறுபடி சொறிந்தாள்.

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். "குடி பாப்பா."

"தாகமில்ல."

"கொஞ்சூண்டு குடி."

குடித்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்த நிம்மதி தங்கவில்லை. அதற்குள் வந்திருக்குமோ என்று மறுபடி பாட்டிலை நீட்டினேன். பொள்ளாச்சியில் மாமா இளநீர் வாங்கித் தந்தபோது என்னுடையதையும் சேர்த்து அவளுக்கே கொடுத்தேன். மரத்தடியில் நிறுத்தி எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டபோது வாய்க்கு வாய் தண்ணீர் கொடுத்தேன். உடுமலையில் அப்பா வாங்கிய ரோஸ்மில்க்கையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"என்னலே இது, புதுசாத் தங்கச்சி மேல இம்புட்டுப் பாசம்?" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். "பாத்தீங்களா, மூணு நாளு ஒண்ணா இருந்ததுல புள்ளைக எப்பிடி ஒட்டிக்கிருச்சுக." அப்பா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அவர்கள் சந்தோஷப்பட்டதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மடத்துக்குளம் தாண்டியதும் அது நடந்தது. பாட்டிலை நீட்டினேன். பாப்பா தலையை வேகமாக ஆட்டினாள். "வேணாம்." இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவள் கத்திக்கொண்டு பாட்டிலைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. அவள் கவுனை உதறிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "தண்ணி வேணாம்! எனக்குத் தண்ணி வேணாம்!"

அம்மா என்னைத் திட்டினாள். பாப்பாவின் அழுகை மெல்ல அடங்கியது. பிறகு அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சன்னலச் சாத்துங்கம்மா. காத்து வேணாம்" என்றாள்.

அவள் நனைந்த கவுனில் காற்றுப் பட்டுக் குளிர்ந்திருக்கும். அதைக்கூட யோசிக்கும் நிலையில் நான் இல்லை. மாமா சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், நாக்கு எழவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் மூன்று நாளில் என்ன நடக்கும் என்று இன்னொரு பயம். அந்த இரண்டாவதுதான் பெரியது என்று தெரிந்தும், முதலாவதுதான் பக்கத்தில் நின்றது.

பாலசமுத்திரம் பிரிவைத் தாண்டியதும் பழனி மலை தெரிந்தது. எங்கள் வீட்டில் கும்பிடும் சாமி வேறு. அந்தோணியாருக்கு நூறு மெழுகுவர்த்தி நேர்ந்து முடித்திருந்தேன். இருந்தாலும் அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து, மலையை நோக்கி அவசரமாக ஒரு கும்பிடு போட்டேன். பாப்பாவுக்கு எதுவும் ஆகாமல் இருந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். யாருக்கு நேர்ந்துகொண்டேன், அதை வீட்டில் எப்படிச் சொல்வேன் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "வெயிலு" என்றாள். அவள் அம்மாவின் மடியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கண்கள் பாதி திறந்திருந்தன.

ஆயக்குடியில் ரோட்டோரம் கொய்யாக் கூடைகளைப் பார்த்ததும் மாமா வண்டியை ஓரம் கட்டினார். அப்பாவும் மாமாவும் இறங்கினார்கள். கடை வைத்திருந்த அம்மாள் தராசைத் தூக்கிய அதே நேரத்தில் வேனுக்குள் பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். வெள்ளையும் சிவப்புமாக நுரைத்துக்கொண்டு அவள் வாயிலிருந்து வந்தது.

இளநீரும் ரோஸ்மில்க்கும் கால் மணிக்கொரு தரம் நான் ஊற்றிய தண்ணீரும்தான் அது. எனக்கு நுரை மட்டும்தான் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பா, அது சங்கிலி இல்லப்பா! கொரங்குப்பா! பாப்பாவக் கொரங்கு கடிச்சுருச்சுப்பா! பாப்பா செத்துப்போயிரும்ப்பா!"

அப்பா என்னை விலக்கிவிட்டு வேனுக்குள் எட்டிப் பாப்பாவைத் தூக்கினார். கைக்குட்டையை அவிழ்த்தார். இரண்டு ஓட்டைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சோப்பு" என்றார். "யாராவது சோப்புக் குடுங்க. தண்ணி எங்க இருக்கு?"

"ஏனுங்க, கொழந்தைக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரம்மாள் எழுந்தாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பின்னால் இருந்த தோட்டத்துக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனாள். தொட்டியின் மேல் பாதி கரைந்த ஒரு சிவப்பு சோப்பு இருந்தது. மாமா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அப்பாவின் பள்ளிக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததாம். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டுமாம். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினார். முதலில் எரிச்சலில் கத்திய பாப்பா, கொஞ்ச நேரத்தில் மற்றொரு கையைக் குழாய்க்கு அடியில் நீட்டினாள். தண்ணீரை வாரி அப்பாவின் சட்டை மேல் அடித்தாள். வாந்தி எடுத்ததில் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டிருந்தது. குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் சிரிப்பதைப் பார்த்தபோது நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தண்ணீர் பயமில்லை.

கழுவிக்கொண்டே, நிமிராமல், அப்பா கேட்டார். "கொரங்குகிட்ட எப்பிடிப் போனீங்க? யாரு அதுக்குத் திங்கக் குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். பாப்பா முந்திக்கொண்டாள்.

"நாந்தான் குடுத்தேன். எனக்குத்தான் பயமே இல்லையே."

அவ்வளவு நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அம்மா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். "ஒனக்கு எதுக்குடி அம்புட்டுத் திமிரு?" என்று கத்தினாள். அடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாப்பாவும் அழுதாள். அந்த அடி எனக்கு விழவேண்டியது. திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

கடைக்காரம்மாள் கொய்யாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். "மொதல்ல ஆசுபத்திரிக்குப் போங்க சாமி" என்று பையை வேனுக்குள் எறிந்தாள். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. மாமாகூட. அம்மாவின் உதடுகள் மட்டும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தன. முன் சீட்டில் அப்பாவின் மடியில் பாப்பா தூங்கிவிட்டிருந்தாள். அவருடைய ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்போது திரும்புவார், எப்போது அடி விழும் என்று.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியை அடைந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் டாக்டர் கையைப் பார்த்தார். "ஒடனே எல்லாம் வர்ற வியாதி இல்லம்மா இது, பயப்படாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தீங்க பாருங்க, அதுவே பெரிய காரியம். இப்ப ஊசி போட்டுருவோம். அப்பறம் சொல்ற தேதியில எல்லாம் தவறாமக் கூட்டிட்டு வரணும்" என்றார். தொப்புளில் இல்லை. காயத்தைச் சுற்றியும் கையிலும். கதவைச் சாத்தினார்கள். நானும் மாமாவும் வராந்தா பெஞ்சில் இருந்தோம். உள்ளே பாப்பா கத்தினாள். "சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன், ஊஞ்ச சங்கிலி, ஊஞ்ச சங்கிலி" என்று கத்தினாள்.

மாமா என் தோளில் கை போட்டார். "விடுலே. நீ சொன்னதுதான் புள்ளயக் காப்பாத்துச்சு. ஒன்னையப் போயி பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டேன் பாரு." அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதை மறுக்கவில்லை. கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

கடித்த குரங்கு எப்படி இருந்தது, சாதாரணமாகத் திரிகிறதா, வெறி பிடித்தது போல இருக்கிறதா என்று லாட்ஜில் கேட்டுச் சொல்லும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா வெளியே வந்து, மாமாவின் செல்போனை வாங்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனார். முதலில் முதலாளியிடம் பேசினார். பிறகு ஃபோன் சமையல்காரரிடம் போனது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா, அதன் பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றார். "அப்பிடிங்களா" என்றார். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குரங்கைப் பற்றிக் கேட்க அவ்வளவு நேரம் ஆகாது.

திரும்பி வந்து டாக்டரிடம், "நல்லாத்தான் இருக்காம். இன்னைக்குச் சாயங்காலமும் வந்துச்சாம்" என்று சொன்னார். பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உடம்பை இறுக்கிக்கொண்டு அடிக்குத் தயாரானேன்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாப்பா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"இல்லப்பா."

இரண்டு தடவை தலையாட்டினார். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனை, சரி போய் உட்கார் என்று அனுப்பும்போது அப்படித்தான் ஆட்டுவார். நான் அவர் வகுப்பில் படித்ததில்லை என்பதால் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடி விழாததில் எனக்கிருந்த ஆச்சரியம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது. உண்மையைச் சொன்னதற்காக மன்னித்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

சொன்ன தேதிகளில் எல்லாம் ஊசி போட்டார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், சின்ன வயதில் குரங்குக்குப் பிஸ்கட் கொடுக்கப் போன கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தக் கதையில் நான் அவளைக் காப்பாற்றிய அண்ணன். சமையல்காரர் அன்று ஃபோனில் சொன்னதை அப்பா யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பாப்பாவை என் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, நடுவில் ஒரு பெரிய ரோடு. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை என்று சீருடை தைக்கக் கொடுத்த அன்றே பேச்சாகியிருந்தது. முதல் நாள் காலை அவள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, அப்பா அவளைத் தூக்கி பைக்கின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அவருடைய பள்ளிக்கூடம் ஊருக்கு எதிர்ப்பக்கம்.

"ஏங்க, அண்ணன்காரன் கூட்டிட்டுப் போவான்ல?" என்றாள் அம்மா.

"நானே விட்டுட்டுப் போறேன்" என்றார் அப்பா.

மறுநாளும் அப்படித்தான். அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை, மழையிலும் காய்ச்சலிலும், ஒரு நாள் விடாமல் அவரே கொண்டுபோய் விட்டார், அவரே கூட்டி வந்தார். எனக்கோ ஒரே கொண்டாட்டம். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வழியில் நின்று பம்பரம் விட்டுக்கொண்டு, இஷ்டத்துக்குப் போகலாம். தங்கச்சியை இழுத்துக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "எங்கப்பா என்னையப் பெரிய பையன்னு தனியா விட்டுட்டாருடா" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.